நீச்சலும் மூச்சும்

நீரில் விளையாடுதல் தமிழ் மக்களுக்குப் புதியதொன்றன்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் சங்கப் புலவர், கோலூன்றி நடக்கும் முதுமைப் பருவத்திலே, தாம் இளமையில் மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்த நாளை நினைந்து இரங்குகின்றார். அது புறநானூற்றின் 243ஆம் பாட்டு. வன்னி நாட்டு மாணவனுக்கு அப்பாட்டை விளக்க உரையாசிரியர் அதிகம் பாடுபட வேண்டுவதில்லை. குளமும் வாய்க்காலும் கரையோர மருதும் அவன் நாள்தோறும் காண்பவை. குதித்து மூழ்கி மண் எடுத்தல் அவனும் செய்து பார்த்த விளையாட்டே.

ஆயினும் நீரில் மிதக்கத் தெரிதல் வேறு. நீந்தத் தெரிதல் வேறு. விரைந்து நீந்திக் கரையேறிய பின்னும் உழைப்பதற்கு வலிமை மிஞ்சியிருத்தல் வேறு. இம்மூன்றாவது திறனைச் சோதிப்பதற்கென்றே ஒரு போட்டி இக்காலத்தில் உலகெங்கும் பரவியிருக்கின்றது. முதலில் நீச்சல், அடுத்துச் சைக்கிள், அதன்பின் ஓட்டம் என மூன்றையும் இடையறாது செய்து முடிக்கும் ட்ரையத்தலன் என்னும் முப்போட்டியே அது. 1974இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் அப்பெயருடன் ஒரு போட்டி நடந்தது. 1978இல் ஹவாயித் தீவுகளில் நெடுந்தூரப் போட்டி தொடங்கியது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. ஒலிம்பிக் முறையில் நீச்சல் 1.5 கிலோமீற்றர், சைக்கிள் 40 கிலோமீற்றர், ஓட்டம் 10 கிலோமீற்றர். 2018 முதல் 2020 வரை கொழும்பிலும் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் நீச்சல் 1.9 கிலோமீற்றர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1.

பரந்தனைச் சேர்ந்த பிள்ளைக்கு இம்மூன்றில் இரண்டு இயல்பாகவே கைவந்தவை. ஏ9 நெடுஞ்சாலையும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இச்சமவெளியிலே, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பாடசாலை செல்பவனுக்குக் கால் வலிமை பற்றிப் பாடம் நடத்த வேண்டுவதில்லை. அவன் தடுமாறும் இடம் நீர். குளத்தில் தானே பழகிய நீச்சல் அக்கரை சேர்க்கப் போதும், போட்டிக்குப் போதாது, சில வேளைகளில் உயிர் காக்கவும் போதாது. இவ்விரண்டு குறையும் ஒரே காரணத்தால் வருவன. அக்காரணம் கையில் இல்லை, காலிலும் இல்லை; மூச்சிலே இருக்கின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மவர் நீந்திய கடல்

நீச்சல் நமக்கு எட்டாத கலை என்று எண்ணுவோர் பாக்கு நீரிணையை நினைத்துப் பார்ப்பாராக. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி அக்கடலை நீந்திக் கடந்தார். 1966இல் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் கோடிக்கரைக்கு நீந்திச் சென்று மீண்டும் நீந்தியே திரும்பினார்; அதற்கு 51 மணித்தியாலம் சென்றது. ஆழிக்குமரன் என்று மக்கள் போற்றிய அவர் 1984 ஓகஸ்ற் மாதத்தில் இங்கிலாந்துக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். 2021இல் றொஷான் அபேசுந்தர தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சென்று திரும்ப ஏறத்தாழ 28 மணித்தியாலமும் 20 நிமிடமும் எடுத்தார்.

ஐம்பத்தொரு மணித்தியாலம் நீந்துபவன் தோள் வலிமையால் மட்டும் நீந்துகிறான் என்பது பொருந்தாது. எத்துணை வலிய தோளும் சில மணித்தியாலத்திற் சோரும். நடப்பவன் மூச்சைப் பற்றி எண்ணாமல் நடப்பது போல, நெடுந்தூரம் நீந்துபவன் மூச்சைப் பற்றி எண்ணாமல் நீந்துகிறான். அந்நிலையை அடைவதே பயிற்சியின் முதற்படி.

நீர் எவ்வாறு தடுக்கின்றது

நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தி உடையது. அன்றியும், நீரின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. வேகத்தை இருமடங்காக்க விரும்புபவன் நான்கு மடங்கு தடையை எதிர்த்து எட்டு மடங்கு வலுவைச் செலவிட வேண்டும். ஆதலால் வலிந்து அடிப்பதால் வேகம் சிறிது கூடும். களைப்போ மிகப் பெரிதும் கூடும். தடையைக் குறைப்பவனோ அதே உழைப்பில் முன்னேறுகிறான். வள்ளம் செய்யும் தச்சன் அணியத்தை ஒடுக்கமாக அமைப்பதும் இக்காரணம் பற்றியே.

குளத்தில் தானே பழகியவன் தலையை நீர்மட்டத்திற்கு மேலே நிமிர்த்தி நீந்துவான். ஏன்? மூச்சு வேண்டும் என்பதற்காக. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். உடல் சாய்ந்த பலகை போலாகி நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும். தாழ்ந்த காலை உயர்த்த அவன் மேலும் உதைப்பான். உதைக்க உதைக்க மூச்சு முட்டும். மூச்சு முட்ட முட்டத் தலை இன்னும் உயரும். ஐம்பது மீற்றரில் அவன் களைத்துப் போவது இந்தச் சுழலினால்தான். இச்சுழலை அறுக்கும் இடம் ஒன்றே: முகத்தை நீருள் வைத்துக்கொண்டு அச்சமின்றி மூச்சுவிடப் பழகுதல்.

மூச்சை வெளியிடுதலே முதற் பாடம்

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி சேர்த்தனர். நம் சிறுவர் குளத்தில் யார் நீண்டநேரம் மூழ்கி இருப்பர் என்று பந்தயம் கட்டுவதும் அவ்வகையே. இதனால் நீருள் மூச்சு என்றாலே அடக்குதல் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. மூழ்குபவனுக்கு அது பொருந்தும், நீந்துபவனுக்குப் பொருந்தாது.

யோக நூலார் உள்வாங்குதலைப் பூரகம் என்றும், நிறுத்துதலைக் கும்பகம் என்றும், வெளியிடுதலை இரேசகம் என்றும் வகுத்தனர். நீந்துபவனுக்குக் கும்பகம் வேண்டா. முகம் நீருள் இருக்கும் நேரமெல்லாம் இரேசகம், வாய் நீருக்கு வெளியே வரும் கணத்திற் பூரகம், இவையிரண்டே போதும்.

இதன் காரணத்தை உடலியல் விளக்குகிறது. மூச்சு முட்டுகிறது என்னும் உணர்வை எழுப்புவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவன்று. இரத்தத்திலே காபனீரொட்சைட்டு மிகுதியாதலே. நீருள் மூச்சை அடக்கியவன், வாயை வெளியே எடுத்த சிறு கணத்தில், பழைய மூச்சை வெளியேற்றவும் புதியதை வாங்கவும் முயல்கிறான். இரண்டுக்கும் நேரம் போதாது. பாதி மூச்சே உட்செல்லும். நாலைந்து முறையில் திணறல் தொடங்கும். நீருள்ளேயே வெளியிட்டு முடித்தவனுக்கோ வாய் திறந்தவுடன் காற்றுத் தானே உட்புகும்.

இதனை மாணவனுக்கு விளக்கச் சடுகுடு நல்ல உதாரணமாகும். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் செல்பவன் மூச்சை அடக்குகிறான் என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அவன் அடக்குவதில்லை. சிறிது சிறிதாக வெளியிடுகிறான். ஒலி பிறப்பது எழுகின்ற வளியினால் என்று தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறியதை இங்கு நினைத்துக்கொள்க. மூச்சு வெளிச்செல்லாமற் பாட்டு இல்லை. சடுகுடு பாடத் தெரிந்த பிள்ளைக்கு நீரில் மூச்சுவிடும் முறை பாதி தெரியும்.

பயிலும் முறை இது. இடுப்பளவு நீரில் நின்று, வாயால் மூச்சு வாங்கி, முகத்தை நீருள் வைத்து, மூக்கினால் ‘ம்’ என்று மெல்ல முரலுதல் வேண்டும். குமிழிகள் அறாமல் எழல் வேண்டும். முடிவில் வாயாலும் சிறிது ஊதி, முகத்தை எடுத்து, மீண்டும் வாங்குக. இருபது முறை இடைவிடாது செய்தும் திணறல் தோன்றாதாயின் அடுத்த படிக்குச் செல்லலாம். அடுத்த படியில் முகத்தை மேலே தூக்காமற் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்கவேண்டும். மூன்றாம் படியில் ஒரு கையை முன்னே நீட்டி, உடலைச் சிறிது பக்கம் சாய்த்து, காலால் மட்டும் உதைத்துச் சென்று இதனையே செய்யவேண்டும். இம்மூன்றும் படியாமுன் கைவீச்சைத் தொடங்குதல், எழுத்தறியாமுன் செய்யுள் இயற்றத் தொடங்குதல் போலாம்.

தலை, கை, கால்

விரைந்து நீந்துவோர் கையாளும் முறை கிறோல் எனப்படும். கைகளை மாறிமாறி முன்னே வீசி, கால்களை மேலும் கீழுமாக உதைத்துச் செல்வது. இம்முறை பரவிய வரலாற்றில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சொலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்னும் சிறுவன், தன் ஊர்க் கடலேரியிற் பழகிய நீச்சலால் அங்குள்ளோரை வியப்பில் ஆழ்த்தினான். அவுஸ்திரேலியர் அதனை ஆராய்ந்து, திருத்தி, போட்டிக்கு உரியதாக்கினர். ஊர் நீர்நிலையிற் பழகியது இழிந்ததன்று; ஆராய்ந்து திருத்தப்படாமையே குறை.

தலை முதுகெலும்பின் நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். கண் குளத்தின் அடியை நோக்கவேண்டும். மூச்சு வாங்கும்போது தலை தனியே திரும்பாமல், தோளும் இடுப்பும் ஒருங்கே புரள, அவற்றுடன் திரும்புதல் நலம். முன்செல்லும் தலை நீரைப் பிளக்கும்போது முகத்தின் பக்கத்தே சிறு பள்ளம் தோன்றும். வாயை அப்பள்ளத்தின் அளவிற்குக் கொண்டுவந்தாற் போதும். ஒரு கண் நீருள்ளே, ஒரு கண் வெளியே என்பது நல்ல அடையாளம். வானம் முழுவதும் தெரிகிறதாயின் தலை அளவுக்கு மிஞ்சித் திரும்பிற்று என்று கொள்க.

கை முன்னே நீண்டு நீருட் புகுந்தவுடன் அவசரமாகக் கீழே அழுத்தலாகாது. அழுத்தினால் உடல் மேலெழும், முன்செல்லாது. முழங்கையை உயரத்தே நிறுத்தி, முன்னங்கையையும் உள்ளங்கையையும் ஒரே துடுப்பாக்கி, நீரைப் பின்னோக்கித் தள்ளவேண்டும். ஒரு கை மூச்சு வாங்கும் பக்கத்தில் வேலை செய்யும்போது மறுகை முன்னே நீண்டு உடலைத் தாங்கியிருக்க வேண்டும். பழகாதோர் பலர் மூச்சு வாங்கும் கணத்தில் அம்முன்கையைக் கீழே நழுவ விடுவர். அதனாற் தலை தாழ்ந்து வாயிற் தண்ணீர் புகும்.

கால் உதைப்பு முழங்காலிலிருந்தன்றி இடுப்பிலிருந்து எழவேண்டும். முப்போட்டிக்காரன் காலை மிகுதியாகச் செலவிடுதல் அறிவன்று. கரையேறிய பின் நாற்பது கிலோமீற்றர் மிதிக்கவும் பத்துக் கிலோமீற்றர் ஓடவும் அக்காலே வேண்டும். உடல் கிடையாக இருக்கும் அளவுக்கு மெல்ல உதைத்தாற் போதும்.

எத்தனை வீச்சுக்கு ஒருமுறை மூச்சு வாங்குவது என்னும் கேள்வி அடிக்கடி எழுவது. இரண்டு வீச்சுக்கு ஒருமுறை, அதாவது எப்போதும் ஒரே பக்கத்தில் வாங்குதல், நெடுந்தூரத்துக்குப் போதிய காற்றைத் தரும். மூன்று வீச்சுக்கு ஒருமுறை, பக்கம் மாறிமாறி வாங்கிப் பயிலுதல் உடலைச் சமன்செய்யும். பயிற்சியில் இரண்டும் பழகுக. போட்டியில் உடல் கேட்பதைக் கொடுக்க. சோளகம் அடிக்கும் மாதங்களில் நம் பெருங்குளங்களிலே அலை ஒரு பக்கமிருந்து வந்து முகத்தில் அறையும். அப்போது மறுபக்கத்தில் மூச்சு வாங்கத் தெரியாதவன் இடர்ப்படுவான்.

அளந்து பயிலுதல்

வேகம் என்பது ஒரு வீச்சிற் செல்லும் தூரத்தையும், ஒரு நிமிடத்தில் வீசும் வீச்சுகளின் தொகையையும் பெருக்கி வருவது. முதலிற் தூரத்தைத் திருத்துக. தொகையைப் பின்னர்க் கூட்டலாம். நீச்சற்றடாகம் இல்லாத ஊரிலும் இதனை அளக்க வழியுண்டு. அடிநிலம் அறிந்த ஆழமில்லாத இடத்தில், 50 மீற்றர்க் கயிற்றின் இருமுனையிலும் மூடிய வெறுங் கலன்களைக் கட்டி மிதக்கவிட்டால் அதுவே அளவுகோல். இக்கரை முதல் அக்கரை வரை எத்தனை வீச்சு என்று எண்ணிக் குறித்து வருக. அறுபது வீச்சிற் சென்றவன் அதே நேரத்தில் ஐம்பதிற் செல்வானாயின், அவன் தடையைக் குறைத்துவிட்டான் என்பது தெளிவு.

களைக்காமல் நிலைநிறுத்தக்கூடிய வேகத்தை அறியவும் எளிய கணக்கு ஒன்று உண்டு. நன்கு இளைப்பாறி 400 மீற்றரையும், மீண்டும் இளைப்பாறி 200 மீற்றரையும் இயன்ற விரைவில் நீந்தி நேரம் குறிக்க வேண்டும். ஒருவன் 400 மீற்றரைப் 10 நிமிடத்திலும் 200 மீற்றரை 4 நிமிடம் 40 செக்கனிலும் நீந்தினான் என்க. இவற்றின் வேறுபாடு 5 நிமிடம் 20 செக்கன். அது 200 மீற்றருக்கு உரியது. ஆகவே 100 மீற்றருக்கு 2 நிமிடம் 40 செக்கன். இதுவே அவனுடைய நிலைவேகம். இவ்வேகத்தில் 100 மீற்றரைப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 15 முதல் 20 செக்கன் மட்டும் நின்று, நீந்திப் பயில வேண்டும். கடைசி நூறும் முதல் நூறும் ஒரே நேரத்தில் முடியவேண்டும். முதலிற் பாய்ந்து முடிவிற் சோர்பவன் மூச்சை இன்னும் ஆளவில்லை.

இவ்வேகத்தில் 1.5 கிலோமீற்றருக்கு 40 நிமிடம் ஆகும். நிலைவேகம் 2 நிமிடம் 20 செக்கனாகத் திருந்தினால் 35 நிமிடம். மிஞ்சும் ஐந்து நிமிடம் ஒரு பயன். திணறாமற் கரையேறுதல் அதனினும் பெரிய பயன். கிழமைக்கு ஒருநாள் மூன்று மணித்தியாலம் நீந்துவதிலும், மூன்று நாள் முக்கால் மணித்தியாலம் நீந்துதல் நன்று. நீரின் பழக்கம் சில நாளில் மறக்கும் இயல்புடையது.

திறந்த நீர்

தடாகத்திலே அடியிற் கோடு உண்டு. குளத்திலும் கடலிலும் இல்லை. ஆதலால் எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை முன்னே நோக்கித் திசை அறிதல் வேண்டும். முதலை நீர்மட்டத்துக்கு மேலே கண்ணை மட்டும் காட்டுவதுபோலக் கண்ணளவே உயர்த்திப் பார்த்து, உடனே பக்கம் திரும்பி மூச்சு வாங்குக. குளக்கட்டில் ஒரு தனிப்பனையோ கோயிற் கோபுரமோ குறியாக அமைந்தால் நலம். போட்டியில் முன்செல்பவனின் காலடியை ஒட்டிப் பின்தொடர்தல் தடையைக் குறைக்கும். நீச்சற் பகுதியில் அது விதிக்கு மாறானதன்று.

தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே பாயும்போது கையும் காலும் முகத்திற் படும், நெஞ்சு படபடக்கும். முப்போட்டிகளில் நேர்ந்த மரணங்களிற் பெரும்பாலானவை நீச்சற் பகுதியிலேயே நேர்ந்தவை. படபடப்புத் தோன்றினால் வேகத்தை விட்டு, மல்லாந்து மிதந்து, மூச்சை நீள வெளியிட்டு, அமைதி வந்தபின் தொடரவேண்டும். இதனையும் முன்னரே பழகியிருத்தல் வேண்டும்.

உயிர் காக்கும் விதிகள்

உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குளங்கள் நிறைந்த வன்னிக்கு இது வெறும் எண்ணன்று. மாரியில் வான் பாயும் குளத்தில் இறங்கிய பிள்ளை திரும்பாத வீடு எந்த ஊரிலும் இருத்தல் கூடும். ஆகவே சில விதிகளை எவரும் மீறலாகாது.

தனியே நீந்தலாகாது, கரையில் ஒருவர் கயிறும் கலனுமாக நிற்கவேண்டும். வான் பாயும்போதும் துருசின் அருகேயும் இறங்கலாகாது. அங்கு நீர் இழுக்கும் வலிமை கண்ணுக்குத் தெரியாது. தாமரைக் கொடி படர்ந்த இடமும் முதலை உள்ள இடமும் விலக்கத்தக்கன. கனகராயன் ஆற்றை மறித்தமைத்த இரணைமடு போன்ற பெருங்குளங்களில் உரியோரின் அனுமதியின்றி இறங்கலாகாது.

மற்றொரு விதி பலர் அறியாதது. மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விடுதல் ஆபத்தானது. அதனால் ஒட்சிசன் பெரிதும் கூடாது, காபனீரொட்சைட்டே குறையும். மூச்சு முட்டும் உணர்வு பிந்திவிடும். அவ்வுணர்வு எழுமுன்னரே ஒட்சிசன் தீர்ந்து, நன்றாக நீந்துபவனும் நீருள் மயங்கி ஒலியின்றி இறப்பான். யார் நீண்டநேரம் மூழ்குவது என்னும் பந்தயத்தைப் பிள்ளைகளிடையே ஆசிரியரும் பெற்றோரும் நிறுத்துதல் கடமையாகும்.

நாம் செய்யத்தக்கது

விழாக்காலத்தில் கட்டடமும் மண்டபமும் எழுப்புதல் மரபு, அவை வேண்டியனவே. அவற்றோடு இதனையும் எண்ணுவோமாக. இரண்டு ஆசிரியருக்கு உயிர்காப்பு நீச்சற் பயிற்சி, சில கயிறுகள், மிதவைகள், நீர்க்கண்ணாடிகள், ஒரு கடிகாரம், கிழமைக்கு மூன்று காலைப்பொழுது ஆகியவை இருந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் இது வேண்டும்; அவர்களுக்கு ஆசிரியைகள் முன்வருவாராக. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக் காலத்திலேயே நீச்சல் வகுப்புக்கு அனுப்புகின்றனர். அந்த நலன் பரந்தனிற் குளத்தருகே வளரும் பிள்ளைக்கும் கிட்டச் செய்தல் அவர்களுக்கு அரிதன்று.

அப்பிள்ளைகளுள் ஒருவன் ஒருநாள் கொழும்பிலோ கடல் கடந்த நாட்டிலோ முப்போட்டியில் முன்னிற்பானாயின் மகிழ்வோம். எவரும் முன்னில்லாவிடினும், பத்து வயது நிறைந்த ஒவ்வொரு பிள்ளையும் முகத்தை நீருள் வைத்து மூச்சை வெளியிட்டு, நூறு மீற்றர் நீந்தி, அமைதியாகக் கரையேறக் கற்றுக்கொள்ளுமாயின், அதற்காகச் செலவிட்ட பொருளும் உழைப்பும் வீண்போகா.